மரவை கடைதலில் பிடிமானம்

நவராத்திரிக்கு முந்திய நாட்களில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குச் செல்வோர், மண் பொம்மைகளின் வரிசைக்கு இடையிடையே மரச் சாமான்களும் பரப்பப்பட்டிருப்பதைக் காண்பர். செம்மரத்தாலான மரப்பாச்சி ஜோடிகள் ஒரு புறம்; உரல், குடம், அடுப்பு, தட்டு எனக் குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான்கள் மற்றொரு புறம். மரப்பாச்சி உளிகொண்டு செதுக்கப்பட்டது. செப்பு கடைசல் பிடிக்கப்பட்டது. திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள அம்பாசமுத்திரம் இச்செப்புக்குப் பேர்போன ஊர். கன்னட நாட்டுச் சென்னபட்டணமும் ஆந்திர தேசத்து ஏட்டிகொப்பாக்காவும் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வர்ணம் ஏற்றிய சாமான்களுக்குப் பிரசித்தி பெற்றவை.

செப்பு கடையத் தெரிந்த தச்சர், அகன்ற மரவை கடைய முற்படும்போது ஒரு தடை நேருகிறது. மரவையென்பது உப்பும் புளியும் வைப்பதற்கு முற்காலத்தில் அடுக்களைதோறும் இருந்த மரக்கிண்ணம். உப்பும் புளியும் உலோகத்தை அரிக்கும். மரத்தை அவ்வாறு அரிப்பதில்லை. பீங்கானும் அலுமினியமும் எவர்சில்வரும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. (அலுமினியப் பாத்திரத் தொழில் இந்நாட்டில் வேரூன்றியதும் சென்னையிலேதான், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அதனைத் தொடங்கி வைத்தார்.) இப்பொழுது மரவையைப் பழம் வைக்கவும் பண்டம் பரிமாறவும் விரும்பி வாங்குவோர் உண்டு. ஒரு மரவைக்குக் கிடைக்கும் விலை பல செப்புகளின் விலைக்குச் சமமாகலாம். ஆயினும் பல தச்சர் ஒன்றிரண்டு மரவைகளோடு அம்முயற்சியைக் கைவிடுவதற்குக் காரணம் உளித்திறன் இன்மையன்று. கடையும்போதே மரவை பிடியினின்று கழன்று பறந்துவிடுவதே காரணம். கழன்ற மரவை உடையும். அன்றி முகத்தில் தாக்கும். முதலாவது மரத்திற்கும் கூலிக்கும் நஷ்டம். இரண்டாவது கண்ணுக்கும் பல்லுக்கும் நஷ்டம்.

செப்புக்கும் மரவைக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம். செப்பு பெரும்பாலும் ஒல்லியான உருட்டுக் கட்டையில் கடையப்படுவது. மரத்தின் இழை சுழல்தண்டின் போக்கிலேயே நீளவாட்டில் ஓடும். கட்டையின் இரு முனைகளையும் இரண்டு இரும்பு முனைகளுக்கு இடையே நிறுத்திவிட்டால் அது எங்கும் போகாது. மரவையோ அகன்றது, அதன் வாய் திறந்திருக்க வேண்டும். வாயைக் குடையும்போது அந்தப் பக்கத்தில் இரும்பு முனையை நிறுத்த இடமில்லை. ஆகவே அடிப்பக்கம் ஒன்றினால் மாத்திரம் முழு மரத்தையும் தாங்க வேண்டியதாகிறது. மேலும் மரவைக்குரிய துண்டில் இழை குறுக்கே கிடக்கும். மிருதங்கக் கட்டையில் பலாமரத்தின் இழை நெடுகச் செல்லுமாறு அமைந்திருக்கும். மரவைக்கு அவ்வாறு எடுத்தால் அடிப்பாகம் முழுவதும் வெட்டுமுகமாக அமைந்து, வெடிக்கவும் கசியவும் இடமுண்டாகும். இழை குறுக்கே கிடப்பதால், ஒரு சுற்றில் இரண்டு முறை உளியானது இழையின் பக்கத்தையும், இரண்டு முறை அதன் வெட்டுமுகத்தையும் சந்திக்கிறது. உளிக்கு எதிர்ப்பு ஏறியும் இறங்கியும் வருவதால் பிடிமானம் இடைவிடாது ஆட்டி அசைக்கப்படுகிறது.

முற்காலத்துக் கயிற்றுப் பட்டறையில் இந்த அபாயம் குறைவாகவே இருந்தது. கட்டையைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாறிமாறி இழுக்க, கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். கடைசற்காரர் தரையில் அமர்ந்து, கால்விரலால் உளியை அணைத்துக்கொண்டு, கட்டை தம்மை நோக்கி வரும் சுற்றில் மாத்திரம் வெட்டுவார். வேகம் சொற்பம். பிடி தளர்ந்தால் கட்டை மெல்ல விழும், அவ்வளவே. மின்சார மோட்டார் வந்தபின் சுழற்சி ஒரே திசையில், இடைவிடாமல், பலமடங்கு வேகத்தில் நடைபெறுகிறது. பழைய பிடிமானத்தைப் புதிய வேகத்திற்கு அப்படியே உபயோகித்தல் தகாது.

இவ்வேகத்தின் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 10 அங்குல அகலமுள்ள கட்டை நிமிஷத்திற்கு 1000 சுற்றுச் சுழலுமானால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது; நகரத்துத் தெருவில் விரைந்து செல்லும் பேருந்தின் வேகம் அது. அக்கட்டையில் ஒரு பக்கம் 100 கிராம் அதிகக் கனம் இருந்து, அது மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 1000 சுற்றில் அந்த 100 கிராம், சுமார் 13 கிலோ எடை இழுப்பதைப் போன்ற விசையுடன் பிடிமானத்தை வெளியே இழுக்கும். 500 சுற்றில் அதே கனம் மூன்றே கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்பங்காகிறது. ஆகவே கட்டை உருண்டையாகும் வரையில் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுவதே முதற்பாதுகாப்பு. கடைசற்காரர் கையாளும் எளிய கணக்கு ஒன்றுண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிஷச் சுற்றையும் பெருக்கிய தொகை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். 10 அங்குல மரவைக்கு 600 முதல் 900 சுற்று. இது சமனாக உருண்டுவிட்ட மரத்திற்கே பொருந்தும். கோணல் மரத்திற்கு அதிலும் பாதி போதும்.

மரத்தைத் தேர்தல்

2016 டிசம்பர் 12 ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் முதலிய பகுதிகளின் சாலையோர மரங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன. பெரும் புயலுக்குப்பின் இவ்வாறு வீழும் தூங்குமூஞ்சி, வேம்பு, பூவரசு, வாகை மரங்கள் சாதாரணமாக விறகாகவே முடிகின்றன. விறகுக்கு வெட்டும் குட்டையான துண்டுகளே மரவைக்கு வேண்டிய நீளம் என்பது கவனிக்கத்தக்கது. உரியவர்களிடம் அனுமதி பெற்று எடுக்கும் இத்தகைய மரம் ஒரு சங்கத்திற்கு மலிவான மூலப்பொருள். ஆனால் அது பச்சை மரம். பச்சை மரத்தின் குணத்தை அறியாதவர் பிடிமானத்தை எவ்வளவு திறமையாக அமைத்தாலும் ஏமாந்து போவர்.

உருட்டுக் கட்டையை முதலில் நடுவாக இரண்டாகப் பிளக்க வேண்டும். மரத்தின் நடு நெஞ்சு எந்தத் துண்டிலும் சேரலாகாது. வெடிப்பு அங்கிருந்துதான் புறப்படும். பிளந்த முகத்தில் கவராயத்தால் வட்டம் போட்டு மூலைகளை அறுத்துத் தள்ளினால் கட்டையின் கனம் பெரும்பாலும் சமனாகிவிடும். மூலைகளை அறுக்கச் சோம்பல்பட்டுப் பட்டறையிலேயே உருட்டிக்கொள்ளலாமென்று சதுரக் கட்டையை மாட்டுவது கெட்ட வழக்கம். முடிச்சும், வண்டு துளைத்த இடமும், வெள்ளையோடிய பகுதியும் பிடிமானம் அமையும் அடிப்பக்கத்தில் வாராதபடி பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த இடத்தில் பிடியும், வெளிறான இடத்தில் வாயும் அமைவது நன்று. தட்டிப் பார்த்தால் கணீரென்ற சப்தம் வேண்டும். மந்தமாகவோ உடைந்த சட்டியைப்போலவோ சப்தித்தால் உள்ளே வெடிப்பு உண்டு.

மரம் உலரும்போது வளையத்தின் போக்கில் மிகுதியாகவும், வளையத்திற்குக் குறுக்கே அதில் ஏறக்குறையப் பாதியளவும், இழையின் நீளவாட்டில் மிகச் சொற்பமாகவும் சுருங்கும். ஆகவே வட்டமாகக் கடைந்து வைத்த பச்சை மரவை சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடும். மாலையில் மாட்டி இறுக்கிவிட்டு மறுநாட்காலை அப்படியே பட்டறையை ஓட்டுதல் கூடாது என்பதன் காரணமும் இதுவே. இரவுக்குள் கழுந்து சுருங்கிக் கோணியிருக்கும்; தாடைகள் பிடித்திருப்பதுபோல் தோன்றினும் அவை உண்மையில் இரண்டு இடங்களில் மாத்திரம் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காலையிலும் சாவியைப் போட்டு ஒரு முறை இறுக்கிய பின்னரே மோட்டாரைத் தொட வேண்டும்.

முகத்தட்டும் திருகாணியும்

முதற்பிடி, மரவையின் வாயாகப் போகும் தட்டை முகத்தில் அமைய வேண்டும். அந்த முகம் பின்னால் குடைந்து எறியப்படுவது. அதில் எத்தனை துளை விழுந்தாலும் நஷ்டமில்லை. அம்முகத்தில் இரும்பு முகத்தட்டை வைத்துத் திருகாணிகளால் பிணைத்து, மரவையின் வெளிப்புறத்தையும் அடியையும் முதலில் கடைந்து முடிக்க வேண்டும். அடியில் கழுந்து அமைத்த பிறகு கட்டையைத் திருப்பி, கழுந்தைச் சக்கில் பிடித்து, உட்புறம் குடைய வேண்டும். வெளிப்புறம் முதலில், உட்புறம் பின்னர் என்னும் இவ்வரிசை மாறக் கூடாது.

திருகாணி நான்குக்குக் குறையலாகாது. 10 அங்குலக் கட்டைக்கு ஆறு உத்தமம். ஒவ்வொன்றும் மரத்தினுள் 6 நூல் ஆழமாவது இறங்க வேண்டும். குடையப்போகும் ஆழத்தைக் கருதி இதைவிட நீளமானதை இட்டால், குடையும்போது உளி ஆணியில் மோதாதபடி கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். திருகாணிக்கு முன்னதாகத் துறப்பணத்தால் சிறு துளையிடாவிடில், மரம் பிளந்து ஆணியின் புரி வெறும் வெடிப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஜிப்சம் பலகைக்கு உபயோகிக்கும் கறுப்புத் திருகாணிகள் எங்கும் மலிவாகக் கிடைப்பதால் அவற்றையே இதற்கும் எடுப்போர் உண்டு. அவை கடினமானவை, ஆனால் வளையாதவை. பக்கவாட்டு அதிர்ச்சியில் தலை முறிந்து போகும். மரத்திற்கென்று செய்த பருத்த திருகாணியே வேண்டும். மேலும், இழை நெடுகப் போகும் வெட்டுமுகத்தில் திருகாணி நன்கு பிடிப்பதில்லை; நார்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குமேயன்றிக் குறுக்கே அறுத்துப் பற்றாது. மரவைத் துண்டில் இழை குறுக்கே கிடப்பது இவ்விடத்தில் அனுகூலமாகிறது.

முகத்தட்டுக்கும் மரத்திற்கும் இடையே ஒரு கடுதாசிகூடப் புகாதபடி இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும். பிளந்த முகம் குண்டும் குழியுமாக இருந்தால் அதை இழைத்துச் சமன் செய்தல் அவசியம். ஆடும் கட்டையை நிறுத்தி வைப்பது ஆணியன்று. இரு முகங்களும் தம்முள் அழுந்தி உராய்வதே. ஆணியின் வேலை அவ்விரண்டையும் சேர்த்து அழுத்துவது மாத்திரமே. நடுவில் ஒரே பருத்த திருகாணியுள்ள சக்கிலும் இதே விதி. 8 அங்குலத்திற்கு உட்பட்ட, உலர்ந்த, சமனான கட்டைக்கு அது போதும்; பெரிய பச்சைக் கட்டைக்கு அதனை நம்புவது தகாது.

கழுந்தும் தோளும்

கட்டையைத் திருப்பியபின் அனைத்தையும் தாங்குவது கழுந்து. மரவைகள் பறப்பதற்குக் காரணம் தேடின், பத்தில் பாதிக்கு மேல் இங்கேயே வந்து நிற்கும் எனலாம். ஏனெனில், அடி சிறுத்துக் காணும் மரவை பார்வைக்கு அழகு. வாங்குவோரும் அதையே விரும்புவர். ஆகையால் கடைசற்காரர் முதலிலேயே கழுந்தைச் சிறிதாக வெட்டிவிடுகிறார். கடைந்து முடிந்த மரவைக்குப் பொருந்தும் அழகு, கடைந்துகொண்டிருக்கும் மரவைக்குப் பொருந்தாது. வேலை முடியும் வரையில் கழுந்து பருத்து நிற்கட்டும்; அடியைச் சிறுக்கச் செய்தல் கடைசி வேலை.

பருத்த கழுந்தின் பலம் யாது? 10 அங்குல மரவையின் விளிம்பில், அதாவது மையத்திலிருந்து 5 அங்குல தூரத்தில், உளி திடீரென்று மாட்டிக்கொண்டு 10 கிலோ விசையில் தடுப்பதாக வைத்துக்கொள்வோம். கழுந்து 2 அங்குல அகலமாயின், அதன் ஓரம் மையத்திலிருந்து 1 அங்குலத்தில் உள்ளது. அங்கே தாடைகள் தாங்க வேண்டியது 50 கிலோ. கழுந்து 4 அங்குலமாயின் தாங்க வேண்டியது 25 கிலோ. ஏற்றச்சாலில் தூரக் கனம் அதிகப் பளுவாவதை அறிந்த குடியானவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கழுந்தின் அகலம் மரவையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையலாகாது. ஐந்தில் இரண்டு பங்கு இருந்தால் நிம்மதி. 2 அங்குலத் தாடை மாத்திரம் உள்ள சக்கை வைத்துக்கொண்டு 12 அங்குல மரவை கடையத் துணிவது விவேகமன்று.

உயரத்தைப் பற்றி இதற்கு நேர்மாறான தவறு நேருவதுண்டு. கழுந்து நீளமாயிருந்தால் நன்கு பிடிக்குமென்று எண்ணி, சக்கின் அடித்தளத்தில் முட்டும்படி உயர்த்திவிடுகின்றனர். முட்டினால் மரவையின் தோள் தாடைகளின் மேல் உட்காராது. தோள் என்பது கழுந்தைச் சுற்றியுள்ள தட்டையான விளிம்பு; பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குவது அதுதான். தோள் உட்காராத மரவை, கழுத்தை மாத்திரம் பிடித்துத் தூக்கிய குடத்தைப்போல ஆடிக்கொண்டேயிருக்கும். ஆட ஆடக் கழுந்தின் நார்கள் நசுங்கி, பிடி இளகிவிடும். கழுந்தின் உயரம் 2 நூலிலிருந்து 3 நூல் வரை இருந்தால் போதும். தாடையின் ஆழத்தைவிட அது குறைவாகவே இருக்க வேண்டும். தோளும் கழுந்தும் சேரும் மூலையில் வளைவின்றிக் கூராக வெட்டியிருத்தல் முக்கியம். அங்கே சிறிது மரம் மீந்திருந்தாலும் தாடையின் நுனி அதன்மேல் ஏறிக்கொண்டு தோளைத் தூக்கிவிடும். தாடைகள் உட்சரிவாக இருந்தால் கழுந்தையும் அதே சரிவில், அடி அகன்றும் கழுத்துச் சற்று ஒடுங்கியும் வெட்ட வேண்டும். தாடை நேராக இருப்பின் கழுந்தும் நேராகவே வேண்டும்.

நான்கு தாடைகளும் ஏறக்குறைய முழு வட்டமாகச் சேரும் அளவில் கழுந்து அமைந்தால் தாடைகளின் முழு உள்வளைவும் மரத்தைத் தொடும். அதைவிட மிகப் பெரிதாயின் தாடைகளின் எட்டு மூலைகள் மாத்திரமே கடிக்கும். சரியான அளவை ஒரு தகரத்தில் வெட்டி ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கும் வேலை மிச்சம். மாட்டி இறுக்கியபின் கட்டையைக் கையால் கால்சுற்றுத் திருப்பி மீண்டும் இறுக்க வேண்டும். சில நிமிஷம் ஓடியபின் நிறுத்தி மற்றொரு முறையும் இறுக்க வேண்டும். நசுங்கும் நார்கள் முதல் ஓட்டத்திலேயே இடங்கொடுத்துவிடும். ஒன்றாம் தாடைக்கு நேரே மரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால், கழற்றி மாட்டும்போது அதே இடத்தில் பொருத்தலாம்.

கழுந்துக்குப் பதிலாக அடியில் வட்டப் பள்ளம் குடைந்து, தாடைகளை உள்ளிருந்து வெளியே விரித்துப் பிடிப்பதும் உண்டு. பார்வைக்குச் சுத்தமானது, பின்னால் வெட்டி நீக்க வேண்டியதில்லை. ஆனால் விரிக்கும் விசை மரத்தைப் பிளக்க முயலும் விசை என்பதை மறக்கலாகாது. பள்ளத்தைச் சுற்றி அரை அங்குலத்திற்குக் குறையாத கெட்டி மரம் வேண்டும். இறுக்கும் கை மிதமாயிருக்க வேண்டும். பச்சை மரத்திற்கும் எளிதில் பிளக்கும் மரத்திற்கும் கழுந்தே மேல்.

சக்கு இல்லாத பட்டறை

நான்கு தாடைச் சக்கின் விலை ஒரு தனித் தச்சருக்குப் பாரமாகலாம். சக்கு இல்லாமலே உறுதியான மரவை கடைய வழியுண்டு. ஒரு பலகைத் துண்டை முகத்தட்டில் திருகாணியால் நிரந்தரமாகப் பிணைத்து, அதன் முகத்தைச் சமனாகக் கடைந்து, மரவையின் அடியை அதில் பசையால் ஒட்டிவிடுவதே அவ்வழி. வச்சிரமாயினும் வெள்ளைப் பசையாயினும் ஓரிரவு அழுத்தத்தில் வைத்து உலரவிட வேண்டும். இரு முகங்களும் கண்ணாடிபோல் சமனாகவும், மரம் உலர்ந்ததாகவும் இருந்தால்தான் ஒட்டு நிற்கும். ஈர மரத்தில் இப்பசைகளை நம்பலாகாது. நடுவே பழுப்புக் கடுதாசி ஒன்றை வைத்து ஒட்டினால், வேலை முடிந்தபின் உளியை இழைப்போக்கில் வைத்து மெல்லத் தட்ட, கடுதாசி இரண்டாகப் பிரிந்து மரவை தனியே வந்துவிடும். கடுதாசி ஒட்டு சிறிய மரவைக்கே ஏற்றது. பெரியதற்குக் கடுதாசியின்றி ஒட்டி, முடிவில் பலகையையே வெட்டிப் பிரிப்பது நலம்.

சென்னபட்டணத்திலும் பிற அரக்குக் கடைசல் ஊர்களிலும் சிறு கட்டையைக் குழிந்த பிடியில் சுத்தியால் அடித்து இறுக்கி நிறுத்தும் முறை உண்டு. ஆணியுமில்லை, பசையுமில்லை, மரம் மரத்தைக் கவ்வுவதே பிடி. இதே தத்துவம் மரவையின் கடைசிக் கட்டத்தில் உதவுகிறது. உட்புறம் முடிந்த மரவையைக் கவிழ்த்து, அதன் வாய்க்குள் செம்மையாகப் பொருந்தும் ஒரு கட்டையின் மேல் துணியோ தோலோ இட்டு மாட்டி, அடியின் மையத்தில் பின்தாங்கியின் முனையை அழுத்தி நிறுத்தினால், கழுந்தைக் கடைந்து நீக்கி அடியைச் சிறுக்கச் செய்யலாம். பின்தாங்கி முட்டியிருக்கும் இடத்தில் விரலளவு குமிழ் ஒன்று மீந்திருக்கும். அதனைக் கைவாளால் அறுத்து உப்புத்தாள் தேய்த்தால் போதும். பின்தாங்கியை எடுத்துவிட்டு அக்குமிழையும் பட்டறையிலேயே கடைந்துவிட ஆசைப்படுவதால் முடிந்த மரவைகள் பல வீணாகின்றன.

பின்தாங்கியைப் பற்றிப் பொதுவாகவும் ஒன்று சொல்லத்தக்கது. வெளிப்புறம் கடையும் வரையில் அதனை அகற்ற யாதொரு காரணமும் இல்லை. உட்புறம் குடையும்போதுங்கூட, நடுவில் ஒரு தூண்போல் மரத்தை விட்டுவிட்டு, அதன்மேல் முனையை அழுத்தி வைத்துக்கொண்டே சுற்றுப்புறத்தைப் பெரும்பகுதி குடைந்துவிடலாம். தூணைக் கடைசியில் நீக்கிக்கொள்ளலாம்.

பிடி உறுதியாயிருந்தும் பறப்பது

எவ்வளவு நல்ல பிடியையும் உளியின் ஒரு தவறு கழற்றிவிடும். கூர்மழுங்கிய உளி வெட்டாது, தள்ளும். தள்ளும் விசை முழுவதும் கழுந்தின் மேல் விழும். சாணைக்கு எழுந்து செல்வதற்குச் சலித்துக்கொள்ளும் கடைசற்காரர் பிடிமானத்தைக் குறைகூறுதல் நியாயமன்று. நகவுளியின் சாய்ந்த முதுகு முதலில் மரத்தில் படிய வேண்டும். பின்னர் கைப்பிடியை மெல்ல உயர்த்தி வெட்டுவாயை இறக்க வேண்டும். வாயை முதலில் நுழைத்தால், தாங்குதலற்ற அதன் சிறகு மரத்தில் மாட்டிக்கொண்டு கட்டையைப் பிடுங்கும். வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து அடி நோக்கியும் வெட்டினால் இழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சுரண்டும் உளியை உபயோகிக்கும்போது கைப்பிடி சற்று உயர்ந்தும் வாய் சற்றுத் தாழ்ந்தும் இருக்கட்டும். உளித்தாங்கி மரத்திற்கு அருகில் இருக்க வேண்டும்; குடையக் குடைய இடைவெளி அகலும் என்பதால் அவ்வப்போது பட்டறையை நிறுத்தித் தாங்கியை உள்ளே நகர்த்த வேண்டும். ஓடும்போது நகர்த்தல் ஆகாது.

விளிம்பை முதலில் மெல்லியதாகச் செய்து முடித்துவிட்டு ஆழத்திற்குச் செல்ல வேண்டும். ஆழத்தை முடித்த பின் மீண்டும் விளிம்புக்கு வந்தால், தாங்குமரம் போய்விட்டபடியால் அது அதிரும். அதிரும் விளிம்பு உளியைக் கவ்வும்.

முகத்தட்டும் சக்கும் சுழல்தண்டின் புரியில் திருகி மாட்டப்படுவன. சாதாரண ஓட்டத்தில் உளியின் தடை அவற்றை மேலும் இறுக்கும். உப்புத்தாள் தேய்க்கும்போது எதிர்த்திசையில் ஓட்டினால் அவை கழன்றுவிடும். பூட்டுத் திருகாணி உள்ள சக்காயினன்றி அவ்வாறு ஓட்டலாகாது. கனமான கட்டை மாட்டியிருக்கையில் மோட்டாரைச் சட்டென்று தடைபோட்டு நிறுத்துவதும் அதே விளைவைத் தரும்.

ஓட்டத் தொடங்குமுன் கட்டையைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்த்து, தாங்கியில் இடிக்காததை உறுதி செய்துகொள்ள வேண்டும். வேகத்தை மிகக் குறைத்து வைத்து, கட்டை சுழலும் நேர்கோட்டில் நிற்காமல் விலகி நின்று விசையைப் போட வேண்டும். கழலும் மரம் பெரும்பாலும் அந்த நேர்கோட்டிலேயே மேலும் முன்னுமாகப் பாயும். ஓடும்போது டக் டக்கென்ற புதிய சப்தம் எழுந்தாலோ, சீரான சப்தம் திடீரென்று மாறினாலோ காரணம் ஆராய்வதற்கு முன் விசையை நிறுத்த வேண்டும். முழு முகத்தையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் அணியாமல் மரவை கடைய எவரையும் சங்கப் பட்டறையில் அனுமதிக்கலாகாது. தோள் துண்டு, தொங்கும் சட்டைக்கை, பெண்டிராயின் முந்தானையும் பின்னலும், யாவற்றையும் இறுகக் கட்டிச் செருகிக்கொள்ள வேண்டும். மரத்தூள் மார்புக்குள் செல்லுதல் நீண்டகாலத்தில் கொடிய நோய்க்குக் காரணமாகுமென்று வைத்தியர் கண்டிருப்பதால் மூக்கு வாய் மூடியும் தேவை.

சங்கம் செய்யத்தக்கது

சென்னையில் 1904 ஆம் ஆண்டில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், தனிமனிதர் சில்லறையாக வாங்கும் பண்டத்தைச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் என்ன லாபமென்பதைக் காட்டியது. தச்சர் சங்கங்களுக்கு அரிசி பருப்புக்குப் பதில் சக்கும் முகக்கவசமும் சாணைக்கல்லும் என்று கொள்ளலாம். பத்து அங்கத்தினருக்கு ஒரு நல்ல சக்கு, வெவ்வேறு அளவுத் தாடைகள் இரண்டு ஜோடி, ஐந்தாறு முகத்தட்டுகள் இருந்தால் வேலை தடையின்றி நடக்கும். பறந்து உடைந்த மரவைகளை ஒரு குறிப்புப் புத்தகத்தில் மரத்தின் பெயர், கழுந்தின் அளவு, உலர்ந்ததா பச்சையா, கழன்றபோது நடந்த வேலை இவற்றோடு எழுதி வைப்பது பயன்தரும். வெட்கப்பட்டு மறைப்பதால், ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் தம் செலவில் கற்க நேருகிறது.

காலக் கணக்கும் சங்கம் பார்க்க வேண்டியதே. நவராத்திரி புரட்டாசி, ஐப்பசியை ஒட்டி வருவது. வடகிழக்குப் பருவமழை அதன் பின் தொடங்கி மார்கழி வரை காற்றை ஈரமாக வைத்திருக்கும். மழைக்காலத்தில் வீழ்ந்த மரத்தைத் தை மாதத்தில், அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள சுவர் வைத்துக் கரடாகக் கடைந்துவிட வேண்டும். 10 அங்குல மரவைக்கு 1 அங்குலச் சுவர். கழுந்தையும் விட்டு வைக்க வேண்டும். வெட்டுமுகம் தெரியும் பகுதிகளில் மெழுகு தடவி, நிழலில், காற்று நேராக வீசாத இடத்தில் அடுக்க வேண்டும். மரவையின் மேல் தேதியும் எடையும் எழுதி, வாரந்தோறும் நிறுத்துப் பார்த்துவர, எடை குறைவது நிற்கும் வாரமே அது உலர்ந்த வாரம். கோடை முழுவதும் கிடைப்பதால் ஆடிக்குள் பெரும்பாலானவை தயாராகிவிடும்.

உலர்ந்த கரட்டு மரவை நீள்வட்டமாயிருக்கும், கழுந்தும் அப்படியே. அந்தக் கோணல் கழுந்தைச் சக்கில் பிடித்து நேராகக் குடையத் தொடங்குவது பெரும் பிழை. முதலில் மரவையின் உட்புறத்தைத் துணி சுற்றிய கட்டையின் மேல் கவிழ்த்து, பின்தாங்கியால் அழுத்தி நிறுத்தி, கழுந்தையும் தோளையும் மறுபடி வட்டமாகக் கடைந்துகொள்ள வேண்டும். இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். கழுந்து தாராளமாக விட்டிருந்தவருக்கே மறுகடைசலுக்கு மரம் மீதியிருக்கும்.

உணவு வைக்கும் மரவைக்கு வர்ணம் வேண்டாம். தேன்மெழுகைச் சுழலும் மரத்தில் அழுத்தித் துணியால் தேய்த்தால் போதுமான மெருகு வரும். அரக்கு ஏற்றுவோர் வெளிப்புறத்தில் மாத்திரம் ஏற்றித் தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். அடியின் நடுவில் 2 நூல் ஆழத்திற்கு மேற்படாத சிறு குழிவு ஒன்று விட்டு வைத்தால் மரவை மேஜையில் ஆடாமல் நிற்கும். அக்குழிவின் மையப் புள்ளியை உப்புத்தாளால் அழித்துவிடாமல் வைத்திருந்தால், ஓராண்டு கழித்து விளிம்பு சிதைந்த மரவையை ஒருவர் பழுதுபார்க்கக் கொணரும்போது பின்தாங்கியின் முனையை நிறுத்த அதுவே இடமாகும்.